இளங்குழந்தைகளின் மனப்பதற்றத்தை அளவிடுதல்: பெற்றோர் வினாப்பட்டியலும் அதன் வரம்புகளும்

உடலின் வெப்பத்தை அறிய வெப்பமானி உண்டு. எடையை அறியத் தராசு உண்டு. ஊட்டக்குறைவை அறியக் குழந்தையின் மேற்கையைச் சுற்றி அளக்கும் நாடாவும் களப் பணியாளர் கைவசம் உண்டு. அச்சத்தையும் மனப்பதற்றத்தையும் அளப்பதற்கு இத்தகைய கருவி எதுவும் இல்லை. வயது வந்தவராயின் அவரையே கேட்டுவிடலாம். பத்து வயதுச் சிறுவனும் ஓரளவு தன் மனநிலையைச் சொல்ல வல்லவன். மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தையோ, 'வயிறு வலிக்கிறது' என்று சொல்லுமேயன்றி, நாளை பள்ளிக்குச் செல்ல வேண்டுமே என்று எண்ணித் தன் மனம் கலங்குவதாகச் சொல்லாது. அதற்கு அச்சொற்களும் தெரியா; சென்ற மாதத்தையும் இம்மாதத்தையும் ஒப்பிட்டு நோக்கும் காலவுணர்வும் இன்னும் நிரம்பவில்லை. ஆகவே, குழந்தையை நாள்தோறும் காண்பவரைக் கேட்டறிவதே வழியாகிறது. அவ்வாறு கேட்பதை ஒழுங்குபடுத்தி, யார் கேட்டாலும் ஒரே வகையாகக் கேட்கும்படியும், விடைகளை எண்களாக மாற்றி ஒப்பிடும்படியும் அமைத்த சாதனமே பெற்றோர் வினாப்பட்டியல் ஆகும்.

அங்கன்வாடிப் பணியாளர், தொடக்கப் பள்ளி ஆசிரியர், சுகாதாரக் களப் பணியாளர் ஆகியோர்க்கென இக்கட்டுரை எழுதப்படுகிறது. நோயைத் தீர்மானிப்பது இவர்கள் பணியன்று. அது மருத்துவரைச் சார்ந்தது. ஆயினும், இத்தகைய தாள்களைப் பெற்றோரிடம் கொண்டு சென்று நிரப்பி வருபவர்கள் இவர்களே. தாளின் அடியில் எழுதப்படும் எண் எவ்வாறு உண்டாயிற்று என்பதை அறியாதார் கையில் அவ்வெண் நன்மையைக் காட்டிலும் தீமையே மிகுதியாகச் செய்யக்கூடும்.

இயல்பான அச்சமும் நோய்க்குறியும்

அச்சம் என்பது குழந்தை வளர்ச்சியின் ஒரு பகுதி என்பதை முதலிற் கொள்ளல் வேண்டும். ஏறத்தாழ எட்டாம் மாதத்தில் குழந்தை அயலாரைக் கண்டு அழத் தொடங்குகிறது. தாயைப் பிரிய மறுக்கும் இயல்பும் அதனையொட்டித் தோன்றி, இரண்டாம் ஆண்டில் உச்சநிலை அடைந்து, பின்னர் மெல்லத் தணிகிறது. மூன்று வயதிலிருந்து ஐந்து வயதுக்குள் இருட்டு, நாய், இடி, பேய், பூச்சாண்டி முதலியவை குழந்தையின் அச்சங்களாகின்றன. கற்பனை வளர்வதன் அறிகுறியே இது. கற்பனையில்லாத குழந்தை பூச்சாண்டிக்கு அஞ்சாது.

அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்துப் பெர்க்லி நகரில் நடைபெற்று 1954-ல் வெளியான நெடுங்கால ஆய்வொன்றில், இரண்டு வயதிலிருந்து பதினான்கு வயது வரையிலான காலத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு குழந்தைகள் குறைந்தது ஏதேனும் ஒரு பொருளைக் குறித்த அச்சமாவது கொண்டிருந்தமை தெரியவந்தது. அதே பத்தாண்டில் லபௌஸ், மங்க் என்னும் இரு பெண்மணிகள் அந்நாட்டின் பஃபலோ நகரில் ஆறு முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட 482 குழந்தைகளின் தாய்மாரைக் கண்டு வினவினர். அவர்களுள் நூற்றுக்கு 43 பேர் தம் குழந்தைக்கு ஏழு அல்லது அதற்கு மேற்பட்ட அச்சங்களும் கவலைகளும் உண்டு எனக் கூறினர். ஏழு அச்சங்களையுடைய குழந்தையை நோயாளி என்று கொள்வதாயின், ஊரிற் பாதிக் குழந்தைகளை மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியதுதான்! ஆகவே அச்சங்களை எண்ணிக் கூட்டுவது மட்டும் பயன் தராது.

அச்சத்தின் கடுமை என்ன, அஃது எத்துணைக் காலம் நீடித்தது, அதன் காரணமாகக் குழந்தையின் உணவு, உறக்கம், விளையாட்டு, கல்வி, பிறரோடு பழகுதல் ஆகியவற்றுள் எது தடைப்பட்டது என்பனவே ஆராயத்தக்கவை. இவற்றுள்ளும் மூன்றாவதே தலையாயது என்பது இக்கட்டுரையாளர் கருத்து. நாயைக் கண்டால் அலறும் குழந்தை எல்லா ஊரிலும் உண்டு. நாய் நிற்கும் என்பதற்காக மூன்று மாதமாகத் தெருவில் இறங்காமலிருக்கும் குழந்தையின் நிலை வேறு.

நம் நாட்டிலேயே இதற்குத் தக்க சான்று ஒன்று உண்டு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் பெங்களூரில் நடைபெற்று 2005-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், நகர்ப்புற நடுத்தர வகுப்பினர் பகுதி, குடிசைப் பகுதி, கிராமப் பகுதி ஆகிய மூன்றிலிருந்தும் பதினாறு வயது வரையுள்ள 2,064 குழந்தைகள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். முதலில் வினாப்பட்டியல்களால் வடிகட்டி, பின்னர் விரிவாக ஆராய்ந்ததில், நான்கு முதல் பதினாறு வயதினருள் நூற்றுக்கு 12 பேருக்கு ஏதேனும் ஒரு மனநலக் குறைபாடு இருந்தமை அறியப்பட்டது. குறிப்பிட்ட பொருளைப் பற்றிய கடும் அச்சம் அவற்றுள் மிகுதியாகக் காணப்பட்டவற்றில் ஒன்று. ஆனால், அக்குறைபாட்டால் அன்றாட வாழ்க்கை குறிப்பிடத்தக்க அளவு பாதிக்கப்பட்டவர் எத்துணையர் என்று நோக்கியபோது, அத்தொகை நூற்றுக்கு 5.3 ஆகக் குறைந்தது. 12-க்கும் 5.3-க்கும் இடையேயுள்ள தொலைவே நாம் கருத வேண்டுவது. நோய்க்குறியை மட்டும் கேட்டு, அதனால் விளையும் தடையைக் கேளாது விடும் வினாப்பட்டியல் இவ்விரு தொகைகளையும் ஒன்றாகவே காட்டும்.

அவ்வாய்வில் மற்றொரு செய்தியும் உண்டு. தம் குழந்தைக்கு ஏதோ இடர் இருக்கிறது என்று உணர்ந்திருந்த குடும்பங்கள் நூற்றுக்கு 37.5 மட்டுமே. பெற்றோர் தாமாக வந்து முறையிடுவர் என்று காத்திருத்தல் ஆகாது என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா. குறிப்பாக, மனப்பதற்றம் உள்ள குழந்தை வகுப்பில் யாருக்கும் தொல்லை தருவதில்லை. பொருளை உடைப்பதில்லை; பிற குழந்தைகளை அடிப்பதில்லை; ஓர் ஓரத்தில் அமைதியாக அமர்ந்திருக்கிறது. நாற்பது குழந்தைகளைக் கட்டி மேய்க்கும் ஆசிரியருக்கு அது நல்ல குழந்தையாகவே தோன்றும்.

வழக்கிலுள்ள பட்டியல்கள்

இங்கிலாந்தில் ராபர்ட் குட்மன் என்பார் 1997-ல் வெளியிட்ட 'வலிமைகளும் இடர்ப்பாடுகளும்' என்னும் வினாப்பட்டியல் உலகெங்கும் பரவியுள்ளது, தமிழிலும் கிடைக்கிறது. அதில் 25 வினாக்கள் உள. அவை ஐந்தைந்தாக ஐந்து பிரிவுகளில் அடங்கும். உணர்ச்சி பற்றிய பிரிவில் உடல்வலி முறையீடு, கவலை, துயரம், புதிய சூழ்நிலையில் கலக்கம், அச்சம் ஆகிய ஐந்தும் கேட்கப்படுகின்றன. ஒவ்வொன்றிற்கும் 0, 1, 2 என மதிப்பெண் இடுவதால் அப்பிரிவின் உச்ச மதிப்பு 10. விரைவில் முடிவது இதன் சிறப்பு. துயரத்தையும் அச்சத்தையும் ஒரே கூட்டுத்தொகையில் சேர்த்துவிடுவதால், உயர்ந்த எண்ணைக் கண்டு 'இது மனப்பதற்றமே' என்று கூறவியலாமை இதன் குறை.

அமெரிக்கரான அகென்பாக் என்பாரின் நடத்தைப் பட்டியலில் ஒன்றரை வயது முதல் ஐந்து வயது வரையுள்ளோர்க்கான பதிப்பு 2000-ல் வெளிவந்தது. அது 99 வினாக்களைக் கொண்டது. பெற்றோர் தாமே எழுதிச் சேர்ப்பதற்கும் இடம் உண்டு. சண்டிகரிலுள்ள முதுநிலை மருத்துவக் கல்வி ஆராய்ச்சி நிலையத்தில் மல்கோத்ராவும் உடன்பணியாளரும் அகென்பாக்கின் பட்டியலைத் தழுவி, நம் நாட்டுக் குழந்தைகளுக்கென 75 வினாக்கள் கொண்ட அளவை ஒன்றை 1988-ல் அமைத்தனர். அது நான்கு வயதிலிருந்து பதினான்கு வயது வரை பயன்படுவது.

மனப்பதற்றத்தை மட்டுமே அளக்கவென இளங்குழந்தைகளுக்கு அமைந்தது, ஆஸ்திரேலியாவில் சூசன் ஸ்பென்ஸ், ரொனால்ட் ராப்பி முதலியோர் 2001-ல் வெளியிட்ட பள்ளி முன்பருவ மனப்பதற்ற அளவை. ஏறத்தாழ இரண்டரை வயது முதல் ஆறரை வயது வரையுள்ள குழந்தைகளின் தாய்மாரைக் கேட்டு இஃது உருவாக்கப்பட்டது. மதிப்பிடத்தக்க வினாக்கள் 28. ஒவ்வொன்றிற்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். ஆகவே உச்சத் தொகை 112. பிரிவு பற்றிய பதற்றம், அயலாரிடையே கூச்சமும் அச்சமும், பொதுவான கவலை, உடலுக்கு ஊறு நேருமோ என்னும் அச்சம், திரும்பத் திரும்ப ஒன்றையே செய்யத் தூண்டும் எண்ணங்கள் என ஐந்து கிளைகளாக அவ்வினாக்கள் பிரிந்து நின்றன. 2010-ல் திருத்திய பதிப்பு வெளியானபோது இறுதிக் கிளை நீக்கப்பட்டு நான்கு கிளைகள் எஞ்சின.

கிளைகளாகப் பிரிப்பதன் பயன் யாதெனில், 40 மதிப்பெண் பெற்ற இரு குழந்தைகள் ஒரே வகையினர் அல்லர் என்பது அதனால் விளங்கும். ஒன்று தாயைப் பிரியாது. தாய் அருகிலிருந்தால் அயலாரிடம் கலகலவெனப் பேசும். மற்றொன்று தாய் சென்றதைப் பொருட்படுத்தாது. ஆனால் ஆசிரியர் பெயர் கேட்டால் வாய் திறவாது. முன்னதற்குத் தாய் சிறிது சிறிதாக விலகிப் பழக்க வேண்டும். பின்னதற்கு அம்முறை பயனற்றது. கூட்டுத்தொகையை மட்டும் எழுதி அனுப்புவோர் இவ்வேறுபாட்டை அழித்துவிடுகின்றனர்.

நம்பகம் பற்றிச் சில சொற்கள்

ஒரு பட்டியலின் வினாக்கள் ஒன்றோடொன்று எவ்வளவு இசைந்துள்ளன என்பதைக் காட்டக் கிரான்பாக் 1951-ல் விளக்கிய ஆல்பா என்னும் கெழு வழங்குகிறது. அறிக்கைகளில் அதனைக் காணும் ஆசிரியர், அஃது உயர்ந்திருந்தால் வினாக்கள் ஒரே பொருளையே சுற்றி வருகின்றன என்று மட்டுமே பொருள் கொள்க. அப்பொருள் மனப்பதற்றந்தானா என்பதை அக்கெழு சொல்லாது.

களப் பணியாளர் அறிய வேண்டுவது வேறொன்று. ஒரே தாயிடம் ஒரே தாளைச் சில வாரங்கள் கழித்து மீண்டும் நிரப்பச் சொன்னால், இரண்டாம் முறை மதிப்பெண் சற்றே குறைந்து வருவதைப் பல நாட்டு ஆய்வாளர்களும் கண்டுள்ளனர். குழந்தை மாறாதிருக்கவும் எண் குறைகிறது. முதன்முறை ஒவ்வொரு வினாவிற்கும் நினைவைத் துருவி விடையளித்த தாய், மறுமுறை அவ்வளவு முயல்வதில்லை போலும். நாம் ஒரு பயிற்சியை நடத்தி, முன்னும் பின்னும் அளந்து, எண் குறைந்ததெனக் களிப்பதன் முன், பயிற்சி பெறாத குழந்தைகளின் எண்ணும் அதே காலத்தில் குறைந்ததா என்று பார்த்தல் வேண்டும்.

தாய் கண்டதும் ஆசிரியர் கண்டதும்

தாய் நிரப்பிய தாளையும் ஆசிரியர் நிரப்பிய தாளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்ப்பவர் திகைப்பது இயல்பு. தாய் 'மிகுதி' என்ற இடத்தில் ஆசிரியர் 'இல்லை' என்றிருப்பார். யாரோ ஒருவர் தவறாகச் சொல்லியுள்ளார் என்று எண்ணத் தோன்றும். அகென்பாக்கும் உடன்பணியாளரும் 1987-ல் 119 ஆய்வுகளைத் தொகுத்துக் கணக்கிட்டனர். தாய், தந்தை ஆகிய இருவர் மதிப்பீடுகளுக்கிடையே இணைவுக் கெழு சராசரியாக 0.60, பெற்றோர், ஆசிரியர் போன்று குழந்தையை வெவ்வேறு நிலையில் காண்போர் மதிப்பீடுகளுக்கிடையே 0.28. முழு இசைவுக்கு 1 என்றும், தொடர்பே இன்மைக்கு 0 என்றும் கொண்டால், 0.28 என்பது மிகவும் சிறியதே. 2015-ல் 341 ஆய்வுகளைத் தொகுத்த டி லாஸ் ரேயெஸ் என்பாரும் குழுவினரும் கண்ட பொதுச் சராசரியும் 0.28-தான். ஏறத்தாழ முப்பதாண்டுகளாகப் பட்டியல்கள் திருந்தியும் இவ்வெண் அசையவில்லை.

இதற்குக் காரணம் கருவியின் பழுது மட்டுமன்று. குழந்தையின் நடத்தையே இடத்திற்கு இடம் மாறுகிறது. வீட்டில் வாய் ஓயாது பேசி, பள்ளியில் மாதக்கணக்கில் ஒரு சொல்லும் பேசாத குழந்தைகள் உண்டு. தாயைக் கேட்டால், 'என் மகளா பேசுவதில்லை?' என்று நம்மையே ஐயுறுவாள். அவள் சொல்வதும் மெய். ஆசிரியர் சொல்வதும் மெய். இவ்விரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் கிடைப்பது எவரும் காணாத ஒரு குழந்தையாகும். ஆகவே, இரு தாள்களையும் தனித்தனியே வைத்து, எங்கு எது தோன்றுகிறது என்று எழுதுவதே முறை.

தாயின் மதிப்பீட்டில் மறைவாக நிற்கும் ஒரு குறையையும் சொல்லுதல் வேண்டும். குழந்தை நாய்க்கு அஞ்சுகிறது என்று அறிந்த தாய், நாளடைவில் நாயில்லாத தெரு வழியே அதை அழைத்துச் செல்லப் பழகுகிறாள். இருட்டுக்கு அஞ்சுகிறது என்றால் விளக்கை அணைப்பதில்லை. விருந்தினர் பேர் கேட்டால் குழந்தைக்கு முன்னே தாமே விடை சொல்லிவிடுகிறாள். அன்பினால் செய்யும் இச்செயல்களால் அச்சம் வெளிப்படும் தருணங்களே இல்லாமற் போகின்றன. பின்பு நாம் தாளை நீட்டி, 'நாயைக் கண்டு அலறுகிறதா?' என்று கேட்டால், 'இல்லை' என்பாள். அவள் பொய் கூறவில்லை. எண் 0 எனப் பதிவாகும். ஆயின் அக்குடும்பத்தின் நடைவழியும் உறக்கமும் உறவும் அந்த அச்சத்தைச் சுற்றியே வளைந்துள்ளன. எனவே, 0 விழுந்த இடத்தில், 'அதற்காக நீங்கள் ஏதேனும் மாற்றிச் செய்கிறீர்களா?' என்று தாளுக்குப் புறம்பே ஒரு கேள்வி கேட்டு, விடையை ஓரத்தில் குறித்தல் நலம்.

தாயே மனச்சோர்வில் இருந்தால் குழந்தையைப் பற்றி மிகைப்படுத்திக் கூறுவாள் என்னும் கருத்து நெடுநாளாக உண்டு. ஆனால் ரிச்சர்ஸ் என்பார் 1992-ல் அதுகாறும் வந்த ஆய்வுகளைச் சீர்தூக்கி, அக்கருத்தை மெய்ப்பிக்கப் போதிய சான்று இல்லை என்றார். சோர்வுற்ற தாயின் குழந்தை உண்மையிலேயே இடருற்றிருத்தலும் கூடும் அன்றோ? ஆகவே, தாய் அழுதுகொண்டே விடையளித்தாள் என்பதற்காக அவள் தாளைத் தள்ளிவைத்தல் தவறு. மறுபுறம், தாய்மார் குழந்தையின் அச்சங்களைக் குறைத்துக் கூறுவதும் உண்டு. மேலே கூறிய பஃபலோ ஆய்வில், குழந்தைகளையே தனியே கேட்டபோது அவர்கள் கூறிய அச்சங்கள் தாய்மார் கூறியவற்றினும் மிகுந்திருந்தன. இருளில் விழித்திருந்து அஞ்சும் குழந்தை எல்லா இரவும் தாயை எழுப்புவதில்லை.

இன்னும் ஒன்று. நம் நாட்டில் தாய் வேலைக்குச் செல்ல, பகல் முழுவதும் பாட்டியோ அத்தையோ மூத்த அக்காளோ குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் குடும்பங்கள் பல. 'பெற்றோர் வினாப்பட்டியல்' என்னும் பெயரைப் பற்றிக்கொண்டு, மாலையில் மட்டும் குழந்தையைக் காணும் தந்தையிடம் தாளை நிரப்பி வருதல் பயனற்றது. குழந்தையோடு மிகுதியும் இருப்பவரே விடையளிக்கட்டும்; அவர் யார் என்பது தாளில் எழுதப்படட்டும்; மறுமுறை அளக்கும்போதும் அவரையே கேட்கட்டும்.

மொழிபெயர்ப்பில் நேரும் இடர்கள்

இவ்வகைப் பட்டியல்கள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் தோன்றியவை. அவற்றைத் தமிழிலோ வேறு இந்திய மொழியிலோ பெயர்ப்பதில் உள்ள இடர் அகராதியால் தீர்வதன்று. பயம், கவலை, கலக்கம், பதற்றம், கூச்சம், மிரட்சி என நம்மிடம் சொற்கள் நிறைய உண்டு. ஆனால் அவற்றின் எல்லைகள் ஆங்கிலச் சொற்களின் எல்லைகளோடு பொருந்துவதில்லை. 'கவலை' என்பதைப் பல தாய்மார் பெரியவர்க்கே உரியதாகக் கருதுகின்றனர். 'நாலு வயதுப் பிள்ளைக்கு என்ன கவலை?' என்று சிரித்துவிடுவர். விடை 0 ஆகிவிடும். 'திரும்பத் திரும்ப ஒன்றையே நினைத்துக் கேட்டுக்கொண்டிருக்கிறதா?' என்று வினா அமைந்திருந்தால் அதே தாய் ஆம் என்பாள்.

ஆங்கிலத்தில் உள்ளப் படபடப்பை வயிற்றில் வண்ணத்துப்பூச்சி பறப்பதாகக் கூறும் வழக்கு உண்டு. அதனைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்துக் கேட்டால், தாய் வயிற்றுப்பூச்சிக்கு மருந்து கேட்பாள். நம்மவர் 'வயிற்றைக் கலக்குகிறது', 'நெஞ்சு படபடக்கிறது' என்றே சொல்வர். பட்டியலிலும் அவ்வாறே நிற்றல் வேண்டும்.

எதிர்மறை வினாக்கள் மிகவும் இடர் தருவன. 'புதியவர்களிடம் பேசமாட்டாளா?' என்று கேட்டால், 'ஆமாம்' என்னும் விடை பேசமாட்டாள் என்று பொருள்படும். 'இல்லை' என்னும் விடை, பேசுவாள் என்றும் பேசுவதில்லை என்றும் இருபொருள்படும். தாளில் எந்தக் கட்டத்தில் குறியிடுவது? உடன்பாட்டு வினாவாக அமைப்பதே உத்தமம்.

'அடிக்கடி', 'சில வேளை', 'எப்போதாவது' என்னும் சொற்களும் ஆளுக்கு ஆள் மாறுவன. வாரம் ஒருமுறை அழுவதை ஒருவர் அடிக்கடி என்பார். நாள்தோறும் அழுவதை மற்றொருவர் எப்போதாவது என்பார், அவர் மூத்த பிள்ளை அதனினும் அழுதிருக்கக்கூடும். பட்டியலின் விதிமுறை இடந்தருமாயின், இச்சொற்களுக்கு இத்தனை நாள் என்று முன்னரே விளக்கம் வகுத்து, எல்லாப் பணியாளரும் அதனையே கூறுதல் வேண்டும். பணியாளர் தாமே தம் விருப்பப்படி வினாவின் சொற்களை மாற்றுதல் மட்டும் கூடாது. அவ்வாறு மாற்றினால் ஒரு வட்டாரத்து எண்ணை மற்றொரு வட்டாரத்து எண்ணோடு ஒப்பிட இயலாது.

சொல் சரியாக இருந்தும் பொருள் பொருந்தாத வினாக்களும் உள. தனியறையில் தனியே உறங்க மறுப்பது மேலைநாட்டில் பிரிவுப் பதற்றத்தின் அறிகுறியாகக் கொள்ளப்படுகிறது. ஒரே பாயில் தாயும் குழந்தைகளும் உறங்கும் வீட்டில் அவ்வினாவிற்கு என்ன விடை? தனியே உறங்கும் வாய்ப்பே இல்லாத குழந்தைக்கு 4 என்று மதிப்பெண் இட்டால், பழக்கத்தை நோயாக்கியவர் ஆவோம். அதற்கு மாறாக, அயலாரிடம் பேசாத பெண் குழந்தையை 'அடக்கமானவள்' என்று புகழும் இடங்களில், கடுமையான கூச்சமும் குறைவான எண்ணாகவே பதிவாகிறது.

மொழிபெயர்ப்பைச் சோதிக்க, பிறிதொருவரைக் கொண்டு அதனை மீண்டும் ஆங்கிலத்தில் பெயர்க்கச் செய்து மூலத்தோடு ஒப்பிடும் முறையைப் பிரிஸ்லின் என்பார் 1970-ல் விளக்கினார். அம்முறை இன்றும் எங்கும் கையாளப்படுகிறது. ஆயினும் அதனையே முடிந்த முடிபாகக் கொள்வது தகாது. சொல்லுக்குச் சொல் பெயர்த்த உயிரற்ற வாக்கியமே மிக எளிதாக மூலத்திற்குத் திரும்பும். தாய்க்கு விளங்கும் நல்ல வாக்கியம் சிறிது மாறியே திரும்பும். ஆகவே பத்துத் தாய்மாரிடம் வினாவைப் படித்துக் காட்டி, 'இது என்ன கேட்கிறது என்று உங்கள் சொற்களில் சொல்லுங்கள்' எனக் கேட்பது அதனினும் சிறந்த சோதனை என்று துணியலாம்.

தாளை நிரப்பும்போது

எழுத்தறியாத தாய்க்குப் பணியாளரே படித்துக் காட்டுக. இடம் தனிமையாக இருத்தல் நன்று. மாமியாரும் அண்டை வீட்டாரும் சூழ்ந்திருக்கும்போது தாய் தன் குழந்தையை விட்டுக்கொடுத்துப் பேசமாட்டாள். குழந்தையின் முன்னிலையில் கேட்பதும் தவிர்க்கத்தக்கது. தன்னைப் 'பயந்தாங்கொள்ளி' என்று பெரியவர் இருவர் பேசிக்கொள்வதை மூன்று வயதுக் குழந்தையும் விளங்கிக்கொள்ளும்.

விடை பெரும்பாலும் கட்டத்திற்குள் அடங்கி வருவதில்லை. பணியாளர், 'அம்மா, உங்களை விட்டுப் பிரியும்போது பிள்ளை மிகவும் அழுகிறானா?' என்று கேட்க, தாய், 'முதல் வாரம் அழுதான் டீச்சர், இப்போது வாசல் வரைக்கும்தான்' என்பாள். இங்கே பணியாளர் தாமே 1 என்றோ 2 என்றோ தீர்மானித்துவிடல் ஆகாது. விடைக்குரிய சொற்களை மீண்டும் படித்துக் காட்டி, 'இவற்றுள் எது பொருந்தும் அம்மா?' என்று அவள் வாயாலேயே தேர்ந்தெடுக்கச் செய்க. 'எல்லாக் குழந்தையும் அப்படித்தானே' என்று தேற்றுவதும், 'ஐயோ, அப்படியா' என்று வியப்பதும் அடுத்துவரும் விடைகளை மாற்றிவிடும்.

விடப்பட்ட வினாக்களை 0 என்று கொள்ளற்க. குட்மனின் பட்டியலில் ஒரு பிரிவின் ஐந்து வினாக்களுள் மூன்றுக்கேனும் விடை இருந்தால் விகிதப்படி கணக்கிடலாம்: மூன்று விடைகளின் கூட்டு 4 எனின், 4-ஐ 5-ஆல் பெருக்கி 3-ஆல் வகுக்க 6.67, அதனை 7 எனக் கொள்ளலாம். மூன்றுக்குக் குறைந்தால் அப்பிரிவை மதிப்பிடாது விடுக.

வடிகட்டலின் கணக்கு

எண் உயர்ந்து வந்த குழந்தைகளுள் எத்தனை பேருக்கு உண்மையில் குறைபாடு இருக்கும்? இதனை ஓர் எடுத்துக்காட்டால் காண்போம். இவ்வெண்கள் விளக்கத்திற்காகக் கொண்டவையே. ஒரு வட்டாரத்தில் 1,000 குழந்தைகள். அவர்களுள் 100 பேருக்கு மனப்பதற்றக் குறைபாடு உண்டு. நம் பட்டியல் குறைபாடுடைய நூற்றுவருள் 80 பேரைச் சரியாகப் பிடிக்கிறது. குறைபாடற்றவருள் நூற்றுக்கு 80 பேரைச் சரியாக விட்டுவிடுகிறது. இது மோசமான கருவியன்று. எனினும் குறைபாடற்ற 900 பேருள் 180 பேர் தவறாக வலையிற் சிக்குவர். ஆக, வலையில் விழுந்தோர் 260. மெய்யாகக் குறைபாடுடையோர் 80. ஏறத்தாழ மூவரில் ஒருவருக்கும் குறைவு! மேலும், குறைபாடுடைய இருபது பேர் வலைக்கு வெளியே நிற்பர்.

இக்கணக்கை உணர்ந்த ஆசிரியர், உயர்ந்த எண்ணைக் கண்டவுடன் பள்ளிப் பதிவேட்டில் 'மனநோய்' என்று எழுதத் துணியார். மூவரில் இருவர் தொகுதியில் அக்குழந்தை இருக்கக்கூடும்; எழுதிய சொல்லோ ஆண்டுதோறும் வகுப்பு வகுப்பாகத் தொடர்ந்து வரும். 'இரண்டாம் கட்ட ஆய்வு தேவை' என்பதற்கு மேல் எதுவும் எழுத வேண்டுவதில்லை. அவ்வாறே, எண் தாழ்ந்திருக்கிறது என்பதற்காக, தாம் நாள்தோறும் கண்ணாற் காணும் ஓர் ஓரத்துக் குழந்தையை விட்டுவிடவும் வேண்டா.

இரண்டாம் கட்டத்திற்கு அரசு மருத்துவமனையின் குழந்தை மருத்துவரையோ, மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவரையோ அணுகலாம். வளர்ச்சித் தாமதமும் உடன் இருப்பதாக ஐயம் எழுந்தால், 2013-ல் தொடங்கிய தேசியக் குழந்தைநலத் திட்டத்தின் கீழ் அமைந்த மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் உள. 2022 அக்டோபர் 10-ஆம் நாள் தொடங்கப்பெற்ற டெலி-மானஸ் தொலைபேசிச் சேவையைப் பெற்றோரே 14416 என்னும் எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம்.

பெற்றோர்க்கு என்ன சொல்வது என்பது பலரும் கேட்கும் வினா. எண்ணைச் சொல்லாதீர், எண் அவர்களுக்குத் தேர்வு மதிப்பெண் போலவே ஒலிக்கும். குழந்தை எவ்வெவ்விடங்களில் கலங்குகிறது என்று தாங்கள் கூறியதையே தொகுத்துச் சொல்லி, இதற்கு உதவி உண்டு என்று கூறுங்கள். இளங்குழந்தைகளின் மனப்பதற்றத்திற்கு மருந்து முதற்படியன்று. அஞ்சும் பொருளைச் சிறிது சிறிதாக எதிர்கொள்ளப் பழக்கும் முறையைப் பெற்றோர்க்குக் கற்பித்தலே பெரும்பாலும் கையாளப்படுகிறது. ராப்பியும் உடன்பணியாளரும் சிட்னி நகரில், மிகவும் ஒதுங்கி நிற்கும் இயல்புடைய குழந்தைகளின் பெற்றோர்க்கு ஆறு அமர்வுகளே கொண்ட பயிற்சி அளித்து, அதனாற் பயன் விளைந்தமையை 2005-ல் வெளியிட்டனர். குழந்தை அப்பயிற்சிக்கு வரவேண்டிய தேவையே இருக்கவில்லை.

நிரப்பிய தாளின் தலைப்பில் நாள், விடையளித்தவருக்கும் குழந்தைக்கும் உள்ள உறவு, எம்மொழியில் கேட்கப்பட்டது, தாமே படித்தாரா பிறர் படித்துக் காட்டினாரா என்பவற்றைத் தவறாது குறிக்க. வயதை ஆண்டில் மட்டும் எழுதாமல் நிறைந்த மாதங்களில் எழுதுக. மூன்று வயது நிறைந்த அன்று அளக்கப்பட்ட குழந்தையும் நான்கு வயதுக்கு ஒரு வாரம் இருக்கையில் அளக்கப்பட்ட குழந்தையும் தாளில் ஒரே '3' ஆகிவிடுவர். பிறந்த நாள் தெரியாத இடத்தில் தாய்-சேய் நலப் பாதுகாப்பு அட்டையைக் கேட்டுப் பார்க்கலாம். தாள்களைப் பூட்டிய பெட்டியில் வைத்தல் வேண்டும். மையத்தின் சுவரில் தொங்கும் எடை அட்டவணையோடு சேர்த்து வைக்கலாகாது.